சின்ன மாத்திரை

கொல்லைப்படியில் இருந்த ஈரக் கால்தடத்தைச் சுப்பையன் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடியிலிருந்து சமையலறை வாசல் வரை நாலைந்து தடங்கள். எட்டு மணி வெயிலில் அவற்றின் ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. முறத்தில் உளுந்தைப் பரப்பிக்கொண்டிருந்த ராஜம் அவர் முதுகைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படிக் குனிந்திருந்தால் தலைகுப்புற விழுந்திருப்பார். இப்போது சுவரில் ஒரு கையை மட்டும் ஊன்றிக்கொண்டு தானாகக் குனிந்து தானாக நிமிர்ந்தார்.

“இது யாரு காலு?” என்றார்.

“என் காலுதான். இப்பதானே தண்ணி எடுத்துட்டு வந்தேன்.”

“உன் காலு இம்மாம் நீளமா?”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் பாதத்தை அந்தத் தடத்தின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். “நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடறான். நல்லாருக்கு” என்றார்.

“யாருங்க?”

“யாருன்னு என்னையக் கேக்கறியா?”

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ராஜம் கொல்லைப்படியைத் திரும்பிப் பார்த்தபோது தடங்கள் முழுவதும் காய்ந்துவிட்டிருந்தன. அவள் பயந்த முதல் நாள் அதுதான்.

ஆறு வருடத்துக்கு முன் ஓய்வூதியத் தாளில் போட்ட கையெழுத்தில்தான் அவருக்கு நடுக்குவாதம் இருப்பது முதலில் தெரிந்தது. ‘சு’ பெரிதாகத் தொடங்கி, ‘ன்’ வரும்போது எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது. பிறகு வலது கை நடுங்கியது. பிறகு நடை குறுகியது. மின்துறையில் முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறிய மனிதர் வாசல்படிக்கு முன்னால் வந்து நின்று, அதைத் தாண்டுவதற்குக் கால் எழும்பாமல் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அப்படியே நிற்பார். முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. முகத் தசைகளும் இறுகிவிட்டன என்று டாக்டர் சொன்னார். கோபமா, வலியா, பசியா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ராஜத்துக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. காலை ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு என்று நான்கு வேளை மாத்திரை. விழுங்கி அரை மணி கழித்து உடம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அடுத்த வேளை வருவதற்குள் மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க மூன்று வீடு தள்ளியிருந்த சோமசேகரன் வருவார். ராஜத்துக்கு மூட்டுவலி, தனியாகத் தூக்க முடியாது. சோமசேகரனுக்கு அறுபத்திரண்டு வயது. வரிச்சிக்குடியில் இவர்களுடைய ஒன்றரை மா நிலத்தையும் தன் நிலத்தோடு சேர்த்து நாற்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். “அண்ணே, கையை என் தோள்ல போடுங்க” என்று சொல்லி ஒரே தூக்கில் நிமிர்த்துவார். வயலுக்குப் போகிற வழியில் செய்கிற காரியம் அது. ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட நிற்கமாட்டார்.

தை மாதம்தான் நரம்பு டாக்டர் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைச் சேர்த்தார். புதுச்சேரியிலிருந்து மாதம் இரண்டு முறை காரைக்காலுக்கு வரும் பெண் டாக்டர். பத்தே நாளில் சுப்பையன் வாசல்படியைத் தாண்டினார். இருபதாவது நாள் டீக்கடை வரை நடந்தார். தெருவே வந்து பார்த்தது. சோமசேகரன் காலையில் வந்து, “அண்ணே, இனிமே நீங்கதான் என்னையத் தூக்கணும்” என்றார். அந்த மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கும்போதெல்லாம் ராஜத்துக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

மாசியில் அவருக்குப் பிள்ளைகள் தெரிந்தார்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். “நெசமா இல்லன்னு எனக்கே தெரியுது. ஆனா உக்காந்துருக்கு. நீ பழைய பால்வாடி டீச்சராச்சே, கூப்புட்டுச் சத்துமாவு குடு” என்றார். இருவரும் சிரித்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர், “இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரியுதா அய்யா?” என்று கேட்டார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றார் சுப்பையன். டாக்டர் ராஜத்தின் பக்கம் திரும்பினார். அவளும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சொன்னால் மாத்திரையை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வாசல்படிக்கு முன்னால் நிற்கிற மனிதரை மறுபடியும் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கால்தடத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புதுப் புடவை எதற்கு என்று கேட்டார், அது ஏழு வருடத்துப் புடவை. போனில் மணி அடித்தால் யார் என்று கேட்டு, சொன்ன பிறகும் வாங்கிப் பார்த்தார். ஒரு நாள் தலையணை உறையைக் கழற்றி முகர்ந்துகொண்டிருந்தார். அவள் அதைப் பிடுங்கி வாளியில் போட்டு ஊறவைத்தாள். ஊறவைத்த பிறகுதான், அதையும் அவர் தப்பாக எடுத்துக்கொள்வார் என்பது உறைத்தது.

பங்குனியில் ஒரு காலை சோமசேகரன் மண்வெட்டியோடு வாசலில் நின்று, “அண்ணே, எந்திரிச்சாச்சா?” என்றார். சுப்பையன் உள்ளேயிருந்து நடந்தே வந்தார். கொஞ்சம்கூட நடுங்காமல் வந்ததை ராஜம் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

“நான் யானாம்ல கெடந்தப்ப வந்த. சரி. இப்ப நான் வீட்டுல இருக்கறப்பவே வர்றியாடா?”

சோமசேகரன் முதலில் சிரிக்கத்தான் செய்தார். பிறகு ராஜத்தின் முகத்தைப் பார்த்தார். தெருக் குழாயடியில் நான்கு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். “என்னண்ணே இது” என்றார். சுப்பையன் நிறுத்தவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அவர் வாயில் வந்திராத வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த நான்கு பெண்களில் மூன்று பேருக்கு ராஜம் பால்வாடியில் சோறு ஊட்டியிருக்கிறாள். அவர்கள் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். சோமசேகரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை.

சத்தம் போட்ட அன்று மாலையே மகன் நவநீதன் வந்தான். திருநள்ளாறில் பள்ளிக்கூட ஆசிரியர், குடியிருப்பது காரைக்காலில். அப்பா பள்ளிக்கூடத்துக்கே போன் செய்து, வகுப்பிலிருந்து அவனைக் கூப்பிடவைத்துச் சொல்லியிருந்தார். அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டுச் சமையலறைக்கு வந்தான். ராஜம் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தபடி நின்றான்.

“அம்மா.”

“ம்.”

“அப்பா சும்மாதானே சொல்றாரு?”

தோசையின் ஓரம் சிவந்து கருகத் தொடங்கியது. அவள் திருப்பவில்லை. மகன் இன்னும் கொல்லையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் கேட்டதெல்லாம் மேலே பட்டு விழுந்துவிட்டது. இந்த ஒரு ‘தானே’ மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

“நீ சாப்புட்டுட்டுக் கெளம்பு” என்றாள்.

ஆந்திராவுக்குள் இருக்கும் புதுச்சேரி ஊரான யானாமுக்குச் சுப்பையனை மாற்றியது எண்பத்தாறில். அங்கே போக இரண்டு நாள் ஆகும். மூன்று வருடம் இருந்தார். நவநீதனுக்கு அப்போது இரண்டு வயது. மாமியார் படுக்கையில். நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது சோமசேகரன். இருபத்துநாலு வயதுப் பையன், கல்யாணம் ஆகவில்லை. ராஜம் அந்த மூன்று வருடத்தை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஒரு பொங்கலுக்கு முன்னால் கன்றுக்குட்டி தவிட்டுப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு, பானையோடு கொல்லை முழுவதும் ஓடியது. சோமசேகரன் பின்னாலேயே ஓடிச் சாணியில் வழுக்கி விழுந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அப்படிச் சத்தமாகச் சிரித்ததில்லை. நிமிர்ந்தபோது படலுக்கு அந்தப் பக்கம் சுப்பையன் பையோடு நின்றிருந்தார். சொல்லாமல் விடுப்பில் வந்திருந்தார். கன்றின் தலையிலிருந்து பானையை அவர்தான் கழற்றினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

சித்திரையில் மாத்திரை வாங்க அவள் காரைக்காலுக்குப் பஸ்ஸில் போனாள். மருந்துக்கடை காஜா நஜ்முதீன் அட்டையை எடுத்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “டீச்சரம்மா, ரொம்ப எளைச்சிட்டீங்களே. அய்யா நல்லா நடக்கறாருன்னு கேள்விப்பட்டேனே” என்றார்.

“நடக்கறாரு தம்பி.”

“பேச்சு, மனசு எல்லாம் எப்புடி இருக்கு?”

அவள் பையைத் திறந்து பணத்தை எண்ணினாள். அவர் கடையில் வேறு ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஏன் கேக்கறேன்னா, இந்தச் சின்ன மாத்திரை சில பேருக்கு மனசப் போட்டுக் கொழப்பிடும். இல்லாதது தெரியும். வீட்டுல உள்ளவங்க மேலயே சந்தேகம் வரும். வயசானவங்களுக்குக் கூடுதலா வரும். அப்படி எதாச்சும் இருந்தா டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிடுங்க. நீங்களா மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, அது வேற மாதிரி ஆயிடும்.”

ராஜம் கடைக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. இரண்டு மாதமாக வராத அழுகை. நஜ்முதீன் மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு உள்ளே போய் எதையோ அடுக்கினார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, மகனையும் கணவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். சொல்லி முடிக்கும்வரை டாக்டர் எழுதவில்லை. “இது அவரு குணம் இல்லம்மா, மருந்தோட வேலை. நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாம்” என்றார்.

“மருந்துதான்னு சொல்றீங்க. சரிங்க டாக்டர். மருந்து ஆளையுமா சொல்லிக்குடுக்கும்? பேரு சொல்றாரே. வருஷம் சொல்றாரே.”

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். “சந்தேகம்தான் மருந்து குடுக்கறது. பேரு, ஊரெல்லாம் அவரு வாழ்க்கையிலேர்ந்துதான் எடுத்துக்கும்” என்றார். அந்தப் பதிலை ராஜம் பஸ்ஸில் வீடுவரை கொண்டுவந்தாள். வெளியே நவநீதனிடம் டாக்டரே விளக்கினார். அவன் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டான். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. பஸ் ஏறுமுன் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

மாத்திரையை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வைகாசி முடிவதற்குள் அது நின்றது. கதவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலி இடம் மாறியது. போன் மணி அடித்தால் அவர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் கூடவே மற்றதும் போனது. முதலில் டீக்கடை போனது. பிறகு வாசல்படி. பிறகு படுக்கையில் புரண்டு படுப்பதுகூட இல்லாமலானது. பழைய மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள், கழுத்தும் கைகளும் தம்மிஷ்டத்துக்கு நெளிந்தன, சாப்பாட்டுத் தட்டு எட்டி விழுந்தது. சந்தேகத்துக்கென்று தனியாக ஒரு மாத்திரை கொடுத்து, சின்ன மாத்திரையைப் பேருக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள், பகலெல்லாம் வாயைத் திறந்தபடி தூங்கினார், எழுந்து நின்ற ஒரே தடவை கிறுகிறுத்து விழுந்து நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அதையும் நிறுத்தினார்கள். குரல் காற்றாகிவிட்டது. முதுகில் புண் வருவதற்கு முன்னால் சிவக்குமே, அப்படி ஒரு சிவப்பு வட்டம் இடுப்புக்கு மேலே தெரிந்தது.

ராஜம் சோமசேகரனைத் தேடிப் போனாள். வீட்டுக்குப் போகவில்லை, வயலுக்கே போனாள். அவர் வரப்பில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சொன்னதை, மருந்துக்கடைக்காரர் சொன்னதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“தெரியும் அண்ணி. நவநீதன் வந்து சொன்னான். எனக்கு அண்ணன் மேல ஒரு இது கெடையாது” என்றார். மண்வெட்டியின் தகட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்தார். “ஆனா வூட்டுல கேக்கமாட்டேங்குது. எம் மருமவ காதுக்கும் போயிடுச்சு. மாத்திரைன்னு சொன்னா, அப்ப யானாம்ங்கறது என்னங்கறா. நான் என்ன சொல்ல? நான் இனிமே அந்தப் படி ஏற முடியாது அண்ணி.”

அவள் திரும்பி நடந்தாள். அவர் பின்னாலிருந்து, “ஆள் வேணும்னா நான் வேற யாரையாச்சும் பாத்து அனுப்பறேன்” என்றார். அனுப்பவும் செய்தார். ஒருவன் வந்தான், மூன்று நாள். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஆனி மாதத்தில் ஒரு மதியம் அவள் அவருக்கு ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் இறங்க இரண்டு நிமிடம். அவர் ஏதோ சொன்னார். அவள் காதை வாயருகே கொண்டுபோனாள்.

“சோமுவ வரச்சொல்லு.”

“வரமாட்டாரு.”

“நான் சொன்னதாலயா?”

“ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

“எல்லாம் இருக்கு.” கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. முகம் அப்படியே இருந்தது. நோயில் கண் தானாக வழிவதும் உண்டு, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தச் சின்ன மாத்திரையக் குடு” என்றார்.

“அதுதான் ஆவாதுன்னு நிறுத்திட்டாங்களே.”

“குடு. ஒரு தடவ நானா கக்கூஸுக்குப் போவணும்.”

“குடுத்தா மறுபடியும் சொல்லுவீங்க.”

அவர் யோசித்தார், அல்லது குரல் வருவதற்குக் காத்திருந்தார். “சொல்லுவேன்” என்றார். “நான் சொன்னா நீ காதுல வாங்காத.”

ராஜம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பல மாதமாக அவள் தொண்டையில் இருந்தது இப்போது கேட்டால்தான் உண்டு என்று தோன்றியது. மாத்திரை உள்ளே போனால் அதற்குக் கிடைக்கும் பதில் மாத்திரையின் பதிலாகிவிடும்.

“அன்னிக்குக் கன்னுக்குட்டி பானையத் தூக்கிக்கிட்டு ஓடுனப்ப வந்து நின்னீங்களே. அன்னிக்கே நெனச்சீங்களா?”

வெளியே வெயிலில் ஒரு பால்காரனின் வண்டி போனது. அவர் கண்கள் மட்டும் நகர்ந்து அவளிடம் வந்து நின்றன.

“நெனச்சேன்” என்றார். “ஒரு நாளு. திரும்பிப் போறப்ப வண்டியில. வெக்கமா போயிடுச்சு. வுட்டுட்டேன்.”

அவள் கிண்ணத்தை எடுத்தாள். மிச்சம் இருந்ததை ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்தாள். கை வழக்கம்போல வேலை செய்தது. கோபமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. வந்த நினைப்பை ஒருவர் வெட்கப்பட்டுக் கீழே அழுத்தி, அதன் மேலேயே கிட்டத்தட்ட நாற்பது வருடம் உட்கார்ந்து, ஒரு நாளும் குரல் உயர்த்தாமல் அவளோடு வாழ்ந்திருக்கிறார். மருந்து நினைப்பைக் கொண்டுவரவில்லை. அந்த வெட்கத்தைத்தான் எடுத்துப் போட்டுவிட்டது. அவருக்காக வருத்தப்படுவதா, தான் சிரித்த அந்த ஒரு சிரிப்புக்காக வருத்தப்படுவதா? கிண்ணத்தைக் கழுவும்போது குழாயை மூட மறந்து நின்றாள்.

டாக்டர் இந்த முறை அவர்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். “பாதி குடுத்துப் பாக்கலாம். நடை கொஞ்சம் வரலாம். மத்ததும் வரலாம். வராமலும் போவலாம். அம்மா, வீட்ல அவரு கூட இருக்கறது நீங்கதான். நீங்கதான் சொல்லணும்.” நவநீதன், “வேணாம் டாக்டர், அம்மா தாங்கமாட்டாங்க” என்றான். சுப்பையன் சக்கர நாற்காலியில் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன.

“குடுங்க” என்றாள் ராஜம்.

ஆடி பிறந்து பத்து நாளில் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்றார்கள். கடைமடைக்கு வர எப்போதும் தாமதம்தான். அன்று காலை சுப்பையன் தானாக எழுந்து உட்கார்ந்தார். “போய்ப் பாக்கலாமா?” என்றார். பாதி மாத்திரை தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இதுவரை தப்பாக ஒரு வார்த்தை வரவில்லை. முந்தின நாள் மட்டும், “யாரு வந்துட்டுப் போனா?” என்று ஒருமுறை கேட்டார். “பேப்பர்காரன்” என்றாள். “ஓ” என்று விட்டுவிட்டார். அந்த ‘ஓ’வை அவள் ராத்திரி தூங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்க்கால் கரையில் அவர் முன்னால் நடந்தார். கைத்தடி ஊன்றிய குறுகிய நடை, ஆனால் நடை. அவள் பத்தடி பின்னால் வந்தாள். விழுந்தால் பிடிக்கிற தூரம் இல்லை அது. கிட்டே போகலாம் என்று நினைத்தாள், போகவில்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. எதிர்க்கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அது சோமசேகரன்.

அவர் இவர்களைப் பார்த்தார். மண்வெட்டி கையில் நின்றது. சுப்பையனும் நின்றார். அவர் முதுகுதான் ராஜத்துக்குத் தெரிந்தது. சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு லேசாக ஏறி இறங்கியது, மூச்சு இழுக்கிறாரா, பேசப்போகிறாரா என்று தெரியவில்லை. கைத்தடியைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. வாய்க்காலில் மேற்கேயிருந்து ஒரு சத்தம், சருகை இழுத்துக்கொண்டு வருவதுபோல. தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர், முழங்கால்கூட நனையாது, பழுப்பு நுரையும் வைக்கோலும் ஒரு ஒற்றை ரப்பர் செருப்பும் அதன் முன்னால் உருண்டு வந்தன. வெடித்த மண்ணின் பிளவு ஒவ்வொன்றிலும் நின்று, உள்ளே இறங்கி, அது நிறைந்த பிறகே அடுத்ததற்கு நகர்ந்தது. இரண்டு கரைகளிலும் நின்ற இரண்டு கிழவர்களுக்கு நடுவில் அது மெதுவாக வந்துகொண்டிருந்தது.